பயிற்சிக்குச் சேர்த்துவிட்டாலும் இடையில் நின்றுவிடும் பிள்ளைகளை எப்படித் தாங்கிப் பிடிப்பது?

கேள்வி: சனசமூக நிலையச் செயலாளர்

வணக்கம். திருகோணமலை நகரை அடுத்த ஒரு கிராமத்தின் சனசமூக நிலையத்தில் நான்கு ஆண்டுகளாகச் செயலாளராக இருக்கிறேன். எங்கள் ஊரில் 17 வயதுக்கும் 24 வயதுக்கும் இடைப்பட்ட 14 பிள்ளைகள் பள்ளிக்கூடத்தையும் விட்டுவிட்டார்கள், ஒரு தொழிலிலும் நிலைக்கவில்லை. சிலர் 2004இல் கடல்கோள் வந்தபோது கைக்குழந்தைகளாக இருந்தவர்கள். 2006இல் போரால் சம்பூரிலிருந்து இடம்பெயர்ந்து, கிளிவெட்டி முகாமில் ஆண்டுக்கணக்கில் இருந்துவிட்டு, பின்னர் உறவினரோடு எங்கள் ஊரில் தங்கிவிட்ட குடும்பங்களின் பிள்ளைகளும் இருக்கிறார்கள். எல்லாரையும் ஒரேமாதிரிப் பாதித்தது பெருந்தொற்றுக் காலத்தில் பள்ளிகள் மூடிக்கிடந்ததும், 2022இல் எரிபொருள் தட்டுப்பாட்டால் போக்குவரத்து முடங்கியதும்தான். அந்த இடைவெளியில் பள்ளியை விட்டவர்கள் திரும்பிப் போகவே இல்லை.

ஊரார் இவர்களைச் 'சும்மா திரிகிறவர்கள்' என்கிறார்கள். எனக்கு அந்தச் சொல் பிடிப்பதில்லை. இவர்களில் பாதிப்பேர் திரிவதே இல்லை. பகல் பதினொரு மணி வரை உறங்கி, இரவு இரண்டு மணி வரை கைத்தொலைபேசியோடு விழித்திருந்து, வீட்டுக்கு ஆள் வந்தால் பின்கதவால் வெளியேறிவிடுகிற பிள்ளைகள்.

கடந்த ஆண்டு வெளியிலிருந்து ஓர் அமைப்பை அழைத்து ஒருநாள் செயலமர்வு நடத்தினோம். பதாகை கட்டினோம், மதியச் சாப்பாட்டுப் பார்சல் கொடுத்தோம், 'உங்களால் முடியும்' என்று ஒருவர் மூன்று மணித்தியாலம் பேசினார். முடிவில் ஒன்பது பேர் ஒரு பயிற்சி நிலையத்தில் பெயர் பதிந்தார்கள். ஆறு வாரம் கழித்து அங்கே இரண்டு பேர்தான் இருந்தார்கள். தொடர்ந்து வராதவர்களின் பெயரை நீக்கிவிட்டதாக நிலையத்தில் சொன்னார்கள். ஏன் வரவில்லை என்று அவர்கள் கேட்கவில்லை. உண்மையைச் சொன்னால், நானும் உடனே போய்க் கேட்கவில்லை.

விண்ணப்பம் நிரப்பிய நாளில் நடந்த ஒன்று இன்னும் என் கண்ணில் நிற்கிறது. என் அக்காவின் மகனுக்கு வயது 19. பெயரையும் முகவரியையும் அழகான கையெழுத்தில் எழுதினான். 'கல்வித் தகைமைகள்' என்ற கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றுவிட்டது. அந்தக் கட்டத்தில் ஆறு வரிகள் இருந்தன. அவன் பதினோராம் ஆண்டு முடிவில் வரும் சாதாரண தரப் பரீட்சையை எழுதவில்லை. சற்று நேரம் பார்த்துவிட்டு, படிவத்தை நான்காக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, 'சின்னம்மா, வீட்டில் வைத்து எழுதித் தருகிறேன்' என்றான். அந்தப் படிவம் இன்றுவரை என்னிடம் வரவில்லை.

பயிற்சி, உளவளத்துணை, வேலை ஆகிய மூன்றில் எதை முதலில் தொடங்குவது? இவற்றை ஒன்றாகச் சேர்த்துக் கொண்டுபோக எங்களைப் போன்ற ஒரு சிறு நிலையத்தால் முடியுமா? அனுபவமுள்ளவர்கள் தயவுசெய்து எழுதுங்கள்.

பதில்: ஓய்வுபெற்ற போதனாசிரியர்

தங்கச்சி, 26 ஆண்டுகள் கிழக்கு மாகாணத்தின் பயிற்சி நிலையங்களில் மோட்டார் திருத்தும் தொழிலைப் படிப்பித்தவன் நான். உங்கள் அக்காவின் மகனைப் போன்ற பிள்ளைகளை ஒவ்வொரு தொகுதியிலும் பார்த்திருக்கிறேன். ஆதலால் இதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

நிற்கிற பிள்ளைகள் பெரும்பாலும் முதல் மூன்று வாரத்துக்குள் நிற்பார்கள். அந்த மூன்று வாரத்தில் நாங்கள் செய்வது என்ன? வாங்கில் இருத்தி, கரும்பலகையில் எழுதி, குறிப்பெடுக்கச் சொல்கிறோம். பள்ளிக்கூடத்தில் எந்த இடத்தில் தோற்றுப்போனார்களோ, அதே இடத்துக்கு அவர்களை மறுபடி கூட்டிவந்து இருத்துகிறோம். இதை உணர எனக்கே பல ஆண்டுகள் ஆயின. பிற்காலத்தில் மூன்றாம் நாளே ஒரு பழைய இயந்திரத்தை மேசையில் வைத்துக் கழற்றச் சொல்லிவிடுவேன். கழற்றியதை வரிசையாகத் துணியில் அடுக்கி, திரும்பப் பூட்டும்போது ஒரு சுரை (நட்) மிஞ்சினால் அது எங்கே போகவேண்டும் என்று அவர்களே தேடுவார்கள். 'இது ஏன் இப்படி?' என்ற கேள்வி அவர்கள் வாயிலிருந்து வந்த பிறகு கரும்பலகைக்குப் போனால், அந்தக் குறிப்பை யாரும் வேண்டா வெறுப்பாக எழுதுவதில்லை.

அந்த ஆறு வரிகளைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். சாதாரண தரம் இல்லை என்பதால் கதவு மூடிவிட்டதென்று பல பிள்ளைகள் நினைக்கிறார்கள். தேசிய தொழிற்தகைமை (NVQ) என்ற அரச தொழிற்சான்றிதழ் முறை ஏழு மட்டங்களைக் கொண்டது. நான்காம் மட்டம் வரை சான்றிதழ், ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழாவது பட்டத்துக்கு நிகரானது. கீழ்மட்டங்களில் சாதாரண தரச் சித்தி இல்லாமலே சேரக்கூடிய பயிற்சிநெறிகள் பல உண்டு. வேலைத்தலத்திலேயே தொழிலைப் பழகியவருக்கு, முன்கற்றலை அங்கீகரித்தல் என்ற முறையும் இருக்கிறது. மதிப்பீட்டாளர் முன்னிலையில் வேலையைச் செய்து காட்டினால் அதற்குரிய மட்டத்தின் சான்றிதழைப் பெறலாம். மேசன் வேலையில் நான்கு ஆண்டு கழித்த ஒரு பையன் தன்னைத் 'தகைமை இல்லாதவன்' என்று சொல்லிக்கொண்டு திரிவதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு மனம் நோகும்.

வகுப்பறை ஒத்துவராத பிள்ளைக்கு இன்னொரு வழியையும் யோசியுங்கள். தொழிற்பயிற்சி அதிகார சபை முதன்மையாக நிலையங்களில் பயிற்சி தருகிறது. தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழிற் பயிற்சி அதிகார சபையின் வழியாக என்றால், ஒரு பட்டறையில், ஒரு தொழிற்சாலையில், ஒரு விடுதியில் பயிலுநராக நின்று தொழிலைக் கற்கலாம். கையால் கற்கிற பிள்ளைக்கு இரண்டாவதே பொருத்தம் என்பது என் எண்ணம்.

பேருந்துக் காசும் மதியச் சாப்பாடும் சிறிய விடயங்களாகத் தோன்றலாம். என் மாணவன் ஒருவன் கிழமைக்கு இரண்டு நாள் வராமல் நின்றான். தனியே கூப்பிட்டுக் கேட்டபோதுதான், வீட்டில் ஒரே ஒரு சோடிச் சப்பாத்து என்பதும், அதை அண்ணன் கூலிவேலைக்குப் போட்டுக்கொண்டு போகும் நாட்களில் இவன் வருவதில்லை என்பதும் தெரியவந்தன. பட்டறைக்குள் செருப்போடு வரக்கூடாது என்ற விதியை வைத்தவன் நான்தான்.

பதில்: உளவளத்துணையாளர், மூதூர்

ஐயாவின் சப்பாத்துக் கதையைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. எங்கள் பதிவேட்டில் 'ஊக்கம் குறைவு' என்று எழுதப்படும் பல விடயங்கள் இப்படிப்பட்டவைதான்.

எதை முதலில் தொடங்குவது என்று கேட்டீர்கள். என் அனுபவத்தில் முதலாவது, அந்தப் பிள்ளையின் நாள். வியன்னாவுக்கு அருகே மரியென்தால் என்ற ஊரில், 1930ஆம் ஆண்டளவில் நெசவாலை மூடப்பட்டு ஊரே வேலையிழந்தபோது, மரீ யஹோடா என்ற பெண்மணியும் அவருடைய தோழர்களும் அங்கு சென்று மக்களின் வாழ்க்கையைக் கூர்ந்து பார்த்துப் பதிந்தார்கள். இப்போது நேரம் நிறைய இருக்கிறதே, வாசிப்பார்கள், கூட்டங்களுக்கு வருவார்கள் என்றுதான் எவரும் எதிர்பார்ப்பார்கள். நடந்ததோ மறுதலை: நூலகத்தில் இரவல் வாங்கும் புத்தகங்கள் குறைந்தன, ஆண்கள் தெருவில் நின்று நின்று மெதுவாக நடந்தார்கள், நேற்று என்ன செய்தாய் என்றால் பலருக்குச் சொல்ல ஒன்றுமில்லை. வேலை என்பது சம்பளத்தோடு நேரத்துக்கு ஓர் ஒழுங்கையும், வீட்டுக்கு வெளியே நாலு மனிதரையும், ஊரில் ஒரு பெயரையும் தருகிறது என்று யஹோடா பிற்காலத்தில் விளக்கினார். அவை போய்விட்ட பிள்ளையிடம் கொண்டுபோய் ஆறுமாத நெறி ஒன்றைக் கொடுப்பது, நீண்ட நாள் காய்ச்சலில் கிடந்தவனை எழுப்பி வயல் வரப்பில் ஓடச் சொல்வதைப் போன்றது.

ஆகவே காலை எட்டு மணிக்கு ஓர் இடத்துக்கு வரவேண்டிய காரணம் ஒன்றை உண்டாக்குங்கள். சனசமூக நிலையத்தின் பத்திரிகையை எடுத்துவந்து மேசையில் வைப்பதாக இருக்கலாம். அல்லது முன்பள்ளியின் தண்ணீர்க் குழாயைத் திருத்துவதாக இருக்கலாம். வேலை சிறியதாக இருந்தாலும், அவன் வராவிட்டால் யாராவது ஒருவருக்கு அது தெரியவேண்டும். இரண்டு மூன்று கிழமை இது நடந்தால் உறக்கம் தானாக முன்னுக்கு வரும். உறக்கம் சீரானால் முகமும் பேச்சும் மாறுவதை நீங்களே பார்ப்பீர்கள்.

தன்னம்பிக்கையைப் பேசி ஊட்டலாம் என்ற எண்ணத்தில் எனக்கு உடன்பாடில்லை. 'என்னால் முடியும்' என்ற நம்பிக்கை எங்கிருந்து வருகிறது என்பதை அல்பர்ட் பண்டூரா 1977இல் எழுதிய கட்டுரையில் நான்கு ஊற்றுகளாகப் பிரித்துக் காட்டினார். தானே ஒன்றைச் செய்து முடித்த அனுபவம்தான் அவற்றில் மிக வலியது. தன்னைப் போன்ற ஒருவர் செய்வதைக் காண்பது, பிறர் சொல்லும் ஊக்கச் சொல், உடலின் பதற்றம் அடங்கியிருப்பது ஆகியவை ஏனைய மூன்று. உங்கள் செயலமர்வு அந்தச் சொல்லை மட்டுமே கொடுத்தது. அதுவும் அவர்களுடைய பெயர்கூடத் தெரியாத ஒருவர் சொன்ன சொல்.

அடுத்தது, அனுப்புவது வேறு, கூட்டிக்கொண்டு போவது வேறு. அடையாள அட்டைக்குக் கிராம உத்தியோகத்தரிடம், பயிற்சிக்கு மனிதவலு உத்தியோகத்தரிடம், மனப்பாரத்துக்கு என்னிடம், உதவிப்பணத்துக்கு இன்னொரு மேசைக்கு என்று நான்கு துண்டுக் கடதாசியோடு ஒரு பிள்ளையை அனுப்பினால், இரண்டாவது மேசையில் 'நாளைக்கு வா' என்று சொன்னவுடன் அவன் வீட்டுக்குப் போய்விடுவான். நாளை வரமாட்டான். ஆளைப் பார்த்து ஒரு துணையாள் வேண்டும். எல்லா மேசைக்கும் அதே ஆள் கூடப் போகவேண்டும். பிரதேச செயலகத்தில் இந்த உத்தியோகத்தர்கள் எல்லாரும் இருக்கிறோம்; எங்களை ஒரு பிள்ளையைச் சுற்றி ஒன்றுசேர்ப்பதற்குத்தான் ஆள் இல்லை. உங்கள் நிலையம் செய்யக்கூடிய பெரிய பணி அதுதான், அதற்குப் பெரிய செலவும் இல்லை.

ஒரு விடயத்தில் மட்டும் காத்திருக்க வேண்டாம். சாப்பிடாமல் இருப்பது, நண்பர்களையும் தவிர்ப்பது, உயிரோடு இருப்பதில் பயனில்லை என்ற மாதிரிப் பேசுவது, உடம்பில் காயம் செய்துகொள்வது, போதைப்பொருள் பழக்கம் ஆகியவற்றைக் கண்டால் வேலை, பயிற்சி எல்லாவற்றையும் ஒருபக்கம் வைத்துவிட்டு வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குக் கூட்டிச் செல்லுங்கள். தேசிய மனநல உதவித் தொலைபேசி 1926. இந்த இலக்கத்தை நிலையத்தின் சுவரில் எழுதிவையுங்கள்.

பதில்: என்ஜின் தம்பி, நிலாவெளி

அக்கா, நான் மூன்று ஆண்டுகள் அந்தப் பின்கதவால் வெளியேறிய ஆள். இப்போது எனக்கு 25 வயது. படகு என்ஜின் திருத்துகிறேன். பெரிதாக எழுதத் தெரியாது, நடந்ததைச் சொல்கிறேன்.

எங்கள் ஒழுங்கையில் ஓர் அண்ணா பைபர் படகுகளின் என்ஜின் திருத்தும் கொட்டில் வைத்திருந்தார். மாரியில் கடல் கொந்தளித்து, படகுகளைக் கரையில் ஏற்றிவிட்டால் அவருக்கு வேலை குவியும். ஒருநாள் அம்மா அவரிடம் அழுதிருக்கிறார். அவர் வீட்டுக்கு வந்து எனக்குப் புத்தி சொல்லவில்லை. 'தம்பி, ஒரு கை குறைகிறது, காபரேட்டர் கழுவ வேண்டும்' என்று மட்டும் கேட்டார். சிறிய துளை ஒன்று உப்புப் பிடித்து அடைத்திருந்தது. பிரேக் கம்பியிலிருந்து ஒரே ஒரு இழையைப் பிரித்தெடுத்து, அதைத் துளைக்குள் விட்டு, துளை பெருத்துவிடாமல் சுத்தம் செய்து, வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்க்கச் சொல்லிக் காட்டினார். எனக்கு ஒரு பகல் முழுவதும் போனது. பின்னேரம் கயிற்றை இழுத்ததும் என்ஜின் பற்றியது. அந்த இரவு நான் கைத்தொலைபேசியை எடுக்காமலே உறங்கிவிட்டேன்.

இரண்டு மாதம் கழித்துக் கொட்டிலின் திறப்பை என்னிடம் தந்தார். காலை ஆறரைக்குக் கடலுக்குப் போகிறவர்கள் வந்து நிற்பார்கள், நான் போகாவிட்டால் கதவு திறக்காது. என்னை எழுப்பியது அந்தத் திறப்புத்தான்.

இடையில் ஒருமுறை விட்டுவிட்டும் ஓடினேன். ஒரு பிளக்கை இறுக்கி உடைத்துவிட்டேன், வெட்கத்தில் நான்கு நாள் போகவில்லை. ஐந்தாம் நாள் அண்ணா வந்து, தான் பழகிய காலத்தில் உடைத்தவற்றைக் கணக்குச் சொன்னார். அவர் வராதிருந்தால் நான் திரும்பியிருக்க மாட்டேன். உங்களுடைய ஏழு பேரும் ஏதோ ஒரு பிளக்கை உடைத்துவிட்டு வீட்டில் இருக்கலாம், அக்கா. ஒருதடவை போய்க் கேளுங்கள்.

ஐயா சொன்ன முன்கற்றல் சான்றிதழுக்கு நானும் விண்ணப்பிக்கலாம் என்பது இன்றுதான் தெரியும். நன்றி சேர்.

பதில்: தையல் ஆசிரியை, கிண்ணியா

உங்கள் 14 பேரில் எத்தனை பேர் பெண்பிள்ளைகள் என்று நீங்கள் எழுதவில்லை. குறை சொல்வதற்காகக் கேட்கவில்லை. எண்ணும்போது அவர்கள் கண்ணில் படுவதில்லை என்பதற்காகக் கேட்கிறேன். தாய் மத்திய கிழக்கில் வேலை செய்ய, தம்பி தங்கைகளுக்குச் சமைத்து, பாட்டிக்கு மருந்து கொடுத்துக்கொண்டு இருக்கும் 18 வயதுப் பெண்ணைச் 'சும்மா இருக்கிறாள்' என்று யாரும் சொல்வதில்லை, ஆனால் அவளுக்கும் பள்ளி இல்லை, தொழில் இல்லை, கையில் காசும் இல்லை. அவளுடைய நாள் நிறைந்திருக்கிறது. அதில் அவளுக்கென்று ஒரு மணித்தியாலம் இல்லை என்பதுதான் பிரச்சினை.

இவர்களுக்கு எட்டு மணி வகுப்பு சரிவராது. என் வகுப்பைப் பத்திலிருந்து பன்னிரண்டரைக்கு மாற்றி, சிறு பிள்ளைகளையும் கூட்டிவரலாம் என்று சொன்ன பிறகுதான் வருகை நிலைத்தது. தகப்பனிடமோ மாமாவிடமோ வீட்டுக்குப் போய் ஒருதடவை பேசிவிட்டு வந்தால், பிறகு பாதி வில்லங்கம் இல்லை. தையல் தவிர வேறு தொழிலையும் அவர்களிடம் கேளுங்கள். என்னிடம் படித்த ஒருத்திக்குத் தையலில் விருப்பமே இல்லை, பழுதான என் தையல் இயந்திரங்களைத் திருத்துவதில்தான் விருப்பம்.

பதில்: விடுதி உரிமையாளர், உப்புவெளி

வேலை கொடுப்பவன் பக்கத்திலிருந்து சுருக்கமாக எழுதுகிறேன். என்னுடையது பன்னிரண்டு அறைகள் கொண்ட சிறிய விடுதி. எங்களுக்கு மே தொடக்கம் செப்டம்பர் வரைதான் கூட்டம், அதனால் ஆட்களை மார்ச், ஏப்ரலில் எடுத்துப் பழக்குவோம். பிள்ளைகளை அனுப்புவதென்றால் அந்த மாதங்களில் அனுப்புங்கள். ஓகஸ்டில் அனுப்பினால் பழக்க எங்களுக்கு நேரமில்லை, அவர்கள் ஏச்சு வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள்.

சான்றிதழை நான் பார்ப்பதில்லை. பையன் ஐந்து நாள் வந்து ஆறாம் நாள் வராவிட்டால், நான் யாருக்குத் தொலைபேசி எடுப்பது என்பதே எனக்கு முக்கியம். இதுவரை பிள்ளைகளைச் சேர்த்துவிட்ட எவரும் சேர்த்த நாளுக்குப் பிறகு என்னோடு பேசியதில்லை. முதல் மூன்று மாதம் கிழமைக்கு ஒருமுறை ஓர் ஆள் என்னோடும் பிள்ளையோடும் பேசுவாரானால், இரண்டு பேரை அல்ல, நான்கு பேரை எடுக்க நான் ஆயத்தம். கூலி முதல் நாளிலிருந்து கொடுப்பேன். பயிற்சி என்ற பெயரில் இலவசமாக வேலை வாங்குவது சரியில்லை.

மறுபதில்: உளவளத்துணையாளர், மூதூர்

விடுதி உரிமையாளர் ஐயா கேட்பது ஏற்கெனவே சோதித்துப் பார்க்கப்பட்ட ஒரு வழிமுறை. கடும் மனநோயிலிருந்து மீள்கிறவர்களை முதலில் நீண்ட பயிற்சிக்கு உட்படுத்தாமல், விருப்பமான உண்மையான வேலையொன்றில் விரைவாகச் சேர்த்து, வேலையில் இருக்கும்போதே துணைநிற்கும் முறை 1990களில் அமெரிக்காவில் உருவானது. பழைய முறைகளைவிட இது கூடுதலானோரை வேலையில் அமர்த்தியதாகப் பல நாடுகளின் ஆய்வுகள் காட்டின. பின்னர் இளையோருக்கும் அதைப் பயன்படுத்தினார்கள். வேலைக்குப் போன நாளோடு துணையாளின் பொறுப்பு முடிவதில்லை என்பது அந்த முறையின் உயிர்நாடி.

மறுபதில்: சனசமூக நிலையச் செயலாளர்

எல்லாருக்கும் நன்றி. இரண்டு கிழமை பதில் எழுதாததற்கு மன்னியுங்கள். என்ஜின் தம்பி சொன்னபடி ஏழு வீட்டுக்கும் போய் வந்தேன்.

ஒருவனுக்குத் தேசிய அடையாள அட்டையே இல்லை. 15 வயதில் பாடசாலை மூலம் எடுக்க வேண்டியது, அதற்கு முன்பே அவன் விலகிவிட்டான்; இதைச் சொல்ல வெட்கப்பட்டே பயிற்சி நிலையத்திலிருந்து நின்றிருக்கிறான். அவனுடைய பிறப்புச் சான்றிதழின் பிரதிக்கு விண்ணப்பித்திருக்கிறோம். இருவர் கடலுக்குப் போகிறார்கள், அவர்களுக்கு இப்போது உதவி வேண்டாம். ஒருவனுடைய நிலை எனக்குக் கவலையளித்தது. அவனையும் தாயையும் கூட்டிக்கொண்டு வைத்தியசாலைக்குப் போனேன், அடுத்த திகதி தந்திருக்கிறார்கள், அன்றும் போவேன். மற்ற மூவரும் காரணம் சொல்லவில்லை. ஒருவன் மட்டும், 'அக்கா, நீங்கள் வருவீர்கள் என்று நினைக்கவில்லை' என்றான். பெண்பிள்ளைகளை எண்ணிப் பார்த்தேன், டீச்சர். என் 14 பேரில் மூவர்தான் இருந்தார்கள். நான் கணக்கிலே சேர்க்காதவர்கள் இன்னும் ஆறு பேர்.

என் அக்காவின் மகனோடு அமர்ந்து, அந்த ஆறு வரிகளுக்குப் பதிலாக ஒரு வெள்ளைத் தாளில் அவன் இதுவரை செய்த வேலைகளை எழுதினோம். அவன் முதலில் ஒன்றுமில்லை என்றான். அரை மணித்தியாலத்தில் பதினொன்று வந்தது: கூரைத் தகரம் மாற்றியது, பெரியப்பாவின் தண்ணீர் இறைக்கும் இயந்திரத்தைத் திருத்தியது, கோயில் திருவிழாவுக்கு மின்விளக்குக் கட்டியது என்று. மின்விளக்கைப் பற்றிப் பேசும்போதுதான் தலையை நிமிர்த்தினான். நகரத்தில் மின்னிணைப்பு வேலை செய்யும் ஒருவர் மூன்று கிழமை கூட வைத்திருந்து பார்க்கிறேன் என்றிருக்கிறார். நாட்கூலியும் தருவார். திங்கட்கிழமை தொடங்குகிறான். முதல் நாள் நானும் அதே பேருந்தில் போகிறேன்.

ஒரு சிறிய வேண்டுகோள். அவனிடம் மூடிய சப்பாத்து இல்லை. கால் அளவு எட்டு. பாவித்ததாக இருந்தாலும் பரவாயில்லை, யாரிடமாவது இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் இங்கே ஒரு செய்தி எழுதிவிடுங்கள். நானே வந்து எடுத்துக்கொள்கிறேன்.